முத்தத்தில் உப்பு

குழந்தையை வாரி எடுத்து முத்தமிடுகிறாள் தாய். உதட்டில் உப்புக் கரிக்கிறது. "வெயில்! வியர்வைதான்" என்று துடைத்து விடுகிறாள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த உப்பே நோயின் அடையாளம்!

'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் பிறவி நோய் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் உண்டாகும். இவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் நியூயார்க் டாக்டர் டி சான்ட் ஆக்னீஸ் எழுதினார். நோயை உறுதி செய்ய இன்றும் வியர்வைச் சோதனைதான். ஊசி குத்த வேண்டியதில்லை.

உயிருக்கு உலை வைப்பது நுரையீரலில் தேங்கும் சளி. நமக்குச் சளி இளகி ஓடி, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளிவிடும். இவர்களுக்கு அது பசை போல ஒட்டிக்கொள்கிறது. கிருமிக்குக் கேட்க வேண்டுமா? மெத்தை போட்டது போல! ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் 'சூடோமோனாஸ்' என்ற கிருமி நம்மைச் சாதாரணமாக ஒன்றும் செய்யாது. இவர்கள் மார்பில் புகுந்தாலோ, தன்னைச் சுற்றி வழவழப்பான கூடு கட்டிக்கொள்கிறது. மருந்து எளிதில் உள்ளே போகாது.

இன்னொன்று 'செபேசியா'. வெங்காயத்தை அழுக வைக்கும் கிருமி என்று 1950-ல் அமெரிக்க விஞ்ஞானி பர்க்ஹோல்டர் இதை விவரித்தார். வெங்காய மூட்டையில் இருக்க வேண்டியது குழந்தையின் மார்பில்!

அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் குழந்தைகளுக்குக் கோடை முகாம்கள் நடந்தன. ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கிருமி தொற்றுவது தெரிந்ததும், 1990-களில் அவற்றை மூடினார்கள். இந்நோயாளிகள் இருவர் 6 அடி தள்ளியே இருக்கவேண்டும் என்று 2013-ல் அமெரிக்காவில் விதி வகுத்தார்கள். ஒரே துன்பம் உள்ள இரண்டு பிள்ளைகள் கைகோத்து விளையாடக்கூடாது. என்ன கொடுமை!

2019-ல் அமெரிக்காவில் ஒரு புதிய மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சளி இளகுகிறது, பலர் எழுந்து நடமாடுகிறார்கள். நெடுநாள் குடியிருந்த கிருமி மட்டும் பலரிடம் முற்றாகப் போவதில்லை. விலை? ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் என்று வைத்தார்கள். உயிர் காக்கும் மருந்தை எட்டாத உயரத்தில் வைப்பது நியாயமே அல்ல. அரசாங்கங்கள் பேசி விலையைக் குறைக்கத்தான் வேண்டும்.

இந்நோய் நம் நாட்டிலும் உண்டு. ஆஸ்துமா என்றும் காசம் என்றும் வைத்தியம் பார்த்து வருடங்கள் போய்விடுகின்றன. ஓயாத இருமல், எண்ணெய்ப் பசையுள்ள மலம், நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை, முத்தத்தில் உப்பு — இவை சேர்ந்து இருந்தால், "வியர்வைச் சோதனை செய்யலாமா டாக்டர்?" என்று தாய்மார்களே கேட்கலாம்.