நோபிலியத்தால் கல்மண்டபத்துக்கு என்ன லாபம்?

கல்மண்டபத்துப் பிள்ளை ஒன்று, "கனமான அணுக்கருக்களை காமாக் கதிர் வைத்து ஆராயப் போறேன்" என்று சொன்னால் வருகிற முதல் கேள்வி: "அதனால என்ன பிரயோஜனம்?" வீட்டில் கேட்டால் நியாயம். அவர்களுக்கு வாடகைக் கவலை. இயற்பியல் படித்தவர்களே கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை.

1990-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் காரீயம்-208 மீது கால்சியம்-48 கற்றையை மோதவிட்டு நோபிலியம்-254 செய்தார்கள். 102 புரோட்டான்கள், அரை ஆயுள் சுமார் 51 விநாடி. சுற்றிலும் காமாஸ்பியர், அதாவது சுமார் 100 ஜெர்மானியம் உணர்கருவிகள். வேகமாகச் சுழன்ற கரு தணியும்போது விட்ட காமாக் கதிர்களை வரிசைப்படுத்தியதில், அது உருண்டை அல்ல, முட்டை மாதிரி நீண்டது என்று தெரிந்தது. பாடப்புத்தகத்தின் திரவத்துளிக் கணக்கை மட்டும் நம்பினால் இவ்வளவு கனமான கரு பிளவுபடத் தடையே அநேகமாக இல்லை. அதைக் கட்டிக் காப்பது உள்ளே கூடு கூடாக இருக்கும் அடுக்கு.

"ஐம்பது விநாடி சமாச்சாரத்துக்கு இத்தனை செலவா?" என்பவர்கள் எண்ணூர் பக்கம் வரட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பதாகப் புகார் எத்தனை வருஷமாக! நிலக்கரியில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. கரி எரிந்துபோனால் அவை சாம்பலில் செறிந்து நிற்கும். எவ்வளவு என்று சொல்வது யார்? அதே ஜெர்மானியம் உணர்கருவிதான்.

தோரியத்தைக் காட்டிக்கொடுக்கும் கோடு 2615 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அது எங்கிருந்து வருகிறது? தோரியம் வரிசையின் கடைசியில் நிற்கும் காரீயம்-208-ன் முதல் கிளர்நிலையிலிருந்து. 82 புரோட்டான், 126 நியூட்ரான், இரண்டு கூடும் நிரம்பியவை. அசைக்கவே அவ்வளவு ஆற்றல் வேண்டும். நீண்டு கிடக்கும் நோபிலியத்துக்கு சுமார் 44 போதும். ஆக, சாம்பலை அளப்பவர் படிப்பதும் அணுக்கரு அமைப்பைத்தான்.

சாம்பலை அளக்க நோபிலியம் தேவையா? தேவையில்லை. ஆனால் அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களைத் துல்லியமாகப் பார்த்தே தீருவது என்று ஆசைப்பட்டவர்கள் இல்லையென்றால், அந்தக் கோடு யாருடையது என்றே தெரிந்திருக்காது.

இதற்கு அமெரிக்காதான் போகவேண்டும் என்பதும் சாக்கு. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கி மையங்கள் கருவிகளைப் பகிர்ந்து, முறைபோட்டு நிறுவிய இந்திய தேசிய காமா அணிவரிசையில் பல்கலைக்கழக மாணவர்களும் ஆய்வு செய்திருக்கிறார்கள். சாம்பல் வட சென்னையில். அளக்கத் தெரிந்தவர் மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டுமா?