சபை யாருடையது? வன்னியின் ஜெபவீடுகளும் வட்டுக்கோட்டையின் பாடமும்

வன்னியில் மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். இறுதிப் போரில் மகனைத் தொலைத்தவர். சைவக் குடும்பம். இப்பொழுது ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார். "கோழிக்குஞ்சுக்கு மாறினவ" என்று ஊரில் சிலர் சொல்வார்கள். ஒருநாள் அவரிடமே கேட்டேன். "கோழிக்குஞ்சு எல்லாரும்தான் தந்தவை தம்பி. பக்கத்தில வந்து இருந்து, பிள்ளையின்ர பேரைக் கேட்டது இவையள் மட்டும்தான்" என்றார்.

மதமாற்றம் பற்றிய எந்த விவாதமும் இந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியாது. ஆனால், இது மட்டுமே முழுக்கதையும் அல்ல. அதே கிராமத்தில் வேறொரு சபை வெளிநாட்டுப் பணத்தில் ஒரு முன்பள்ளியை நடத்தியது. ஒருநாள் பணம் நின்றது. முன்பள்ளியும் நின்றது. ஆசிரியைக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. யாரிடம் போய்க் கேட்பது என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. முடிவை எடுத்தவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது உள்ளூர்ப் போதகருக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

எனவே, "யார் மதம் மாற்றுகிறார்கள்?" என்ற கேள்வியைவிட "யார் முடிவெடுக்கிறார்கள், யார் செலவழிக்கிறார்கள், யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்?" என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது எங்களுக்குப் புதிய கேள்வியும் அல்ல. யாழ்ப்பாணம் இதை 170 ஆண்டுகளுக்கு முன்னரே சந்தித்திருக்கிறது.

பொஸ்டனைத் தலைமையகமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தொடங்கின. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்கள்தான்.

ஆனால், பொஸ்டனில் இருந்தவர்களுக்கு இது போதுமானதாக இருக்கவில்லை. சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் 1855 இல் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்தர்களை உருவாக்குகிறதே தவிர, சபையை வளர்க்கவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. அதே ஆண்டு செமினரி மூடப்பட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மிஷன் வரலாற்றில் அன்டர்சன் நினைவுகூரப்படுவதே ஒரு நல்ல கொள்கைக்காகத்தான். வெளிநாட்டில் நாட்டப்படும் சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது அவரும் இங்கிலாந்தின் ஹென்றி வென்னும் முன்வைத்த கொள்கை. தன்னாட்சியைப் போதித்தவர்களே, அந்த மண்ணின் மக்கள் மதித்த ஒரு நிறுவனத்தைத் தங்கள் முடிவாக மூடினார்கள். பின்னர் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் தாங்களே உயர்கல்விக்காகக் குரல் எழுப்பினார்கள், நிதி திரட்ட முன்வந்தார்கள். 1872 இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அது இன்றும் நிற்கிறது. மக்கள் தங்களுடையது என்று கருதி எழுப்பியதுதான் நிலைத்தது.

இந்த அளவுகோலை இன்றைய வன்னியில் வைத்துப் பார்க்கலாம். சில சபைகளில் போதகர் அதே ஊரவர், காணிக்கை அதே ஊரின் காசு, கணக்கைச் சபையார் பார்க்கிறார்கள். வேறு சில சபைகளில் எல்லாமே வெளியிலிருந்து வரும் பணத்திலும் அனுப்பப்படும் புகைப்படங்களிலும் தங்கியிருக்கின்றன. கணவனை இழந்த பெண்ணின் கண்ணீர் யாரோ ஒருவருடைய ஆண்டறிக்கையில் படமாகிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. நான் எதிர்ப்பது இதைத்தான்.

அப்படியென்றால் சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்று கேட்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். 2004 இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டு வந்தது. மதம் மாறுவதை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு உறுதிப்படுத்தவில்லை என்று அதே நீதிமன்றம் தீர்மானித்திருந்தது. அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாக 2005 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு செய்தது.

2008 இல் வந்த சுற்றறிக்கை ஒன்று, புதிய வழிபாட்டுத் தலங்களைக் கட்ட முன் அனுமதி பெற வேண்டும் என்றது. சிறிய ஜெபவீடுகளை மூடச் சொல்லும் அதிகாரிகள் இந்தச் சுற்றறிக்கையையே காட்டியிருக்கிறார்கள். ஆனால், அதிகாரம் ஜெபவீட்டின் வாசலோடு நிற்பதில்லை. 2024 சிவராத்திரி இரவில் வவுனியா வெடுக்குநாறி மலையில் வழிபட்ட எட்டுப் பேர் கைது செய்யப்பட்டார்கள். யார், எங்கே, எப்படிக் கும்பிடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பொலிஸாரிடம் கொடுத்தால், அது முதலில் போதகரிடம் போகும், அடுத்ததாகப் பூசகரிடம் வரும்.

ஆறுமுக நாவலர் மிஷனரிமாரைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனால், அவருடைய பிரதான பதில் ஒரு பாடசாலையும் ஓர் அச்சகமும்தான். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மற்றவர்கள் செய்வதைத் தடுப்பதை விட, எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

சபைகளிடம் நான் கேட்பது மூன்று. உதவியை ஜெபத்தோடு கட்டாதீர்கள். கணக்கை ஊருக்குக் காட்டுங்கள். முடிவெடுக்கும் இடத்தை ஊருக்குக் கொண்டுவாருங்கள். புலம்பெயர் பணத்தில் கோபுரம் எழுப்பும் எங்கள் கோவில் நிர்வாகங்களும் கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவைதான்.

அந்தத் தாய் நாளைக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டாலும், போதகர் அவருடைய வீட்டுக்கு வருவாரா? அந்த ஊழியத்தை நான் அளப்பது இந்தக் கேள்வியால்தான். ஆனால், அதற்கு முன்னர் எங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அவர் எங்கும் போகாமல் தனியே இருந்த அந்த வருடங்களில், அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்க நாங்கள் ஏன் போகவில்லை?