துகளுக்குப் பட்டா கேட்கும் ஏகபோகம்

2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காப்புரிமைச் சட்டத் திருத்தத்தை நம் தோழர்களுக்காகத் தமிழாக்கும் பணி என் மேசைக்கு வந்தது. பிரிவு 3(டி)யின் விளக்கத்தில், ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் உப்புகள், எஸ்டர்கள் என நீளும் பட்டியலின் நடுவே ‘துகள் அளவு’ என்று இரு சொற்கள் இருந்தன. மருந்துக் காப்புரிமையில் துகளின் அளவுக்கு என்ன வேலை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். புற்றுநோய்க்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் நானோ மருந்துகள் பற்றிய செய்திகளை இன்று வாசிக்கையில்தான் அவ்விரு சொற்களின் எடை தெரிகிறது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கொழுப்பாலோ புரதத்தாலோ பாலிமராலோ சில பத்து நானோமீட்டர் அளவில் துகள்களை வடிவமைக்க இன்று முடிகிறது. மிகச் சிறிய மூலக்கூறு இரத்தத்தில் கலந்து சிதறிவிடும். மிகப் பெரிய துகளோ ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும். இடைப்பட்ட இந்தத் துகள் நிணநீர் வழியே நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகிறது. அங்குள்ள டென்ட்ரிடிக் செல்கள் அதை விழுங்கி, உள்ளே பொதிந்துள்ள புற்றுக்கட்டியின் அடையாளத்தை டி செல்களுக்குக் காட்டுகின்றன. பகைவனின் அங்க அடையாளமும், கிளர்ந்தெழுக என்ற ஆணையும் ஒரே உறையில் போய்ச் சேர்கின்றன என்பதே இதன் சிறப்பு. ஆணையின்றி அடையாளம் மட்டும் கிடைத்தால் டி செல்கள் போரிடுவதற்கு மாறாக அடங்கிப்போகவும் கூடும்.

நம்மில் சிலருக்கு நானோ என்றாலே கம்பெனிகளின் கண்கட்டு வித்தை என்ற எண்ணம் உண்டு. அது தவறு, தோழர்களே. மாடர்னாவும் அமெரிக்க மெர்க் நிறுவனமும், மெலனோமா என்னும் தோல் புற்றுக்கட்டி அறுவையில் அகற்றப்பட்ட 157 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஒவ்வொருவர் கட்டியின் மரபணு மாற்றங்களையும் படித்து, அவரவர்க்கெனத் தயாரித்து, கொழுப்பு நானோதுகளில் பொதித்த தடுப்பூசி அது. கீட்ருடா மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, இத்தடுப்பூசியும் சேர்த்துப் பெற்றவர்களிடம் நோய் மீள்வதோ மரணமோ நேரும் அபாயம் 44 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், பெரிய ஆய்வு அடுத்த ஆண்டே தொடங்கியது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 14 லட்சத்துக்கும் அதிகமானோர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்றும், 9 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்றும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. இத்தகைய நாட்டில் இந்த அறிவியலை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. அது யாருடைய சொத்து என்று கேட்கும் கடமை உண்டு.

‘காப்புரிமை இல்லையேல் யார் ஆராய்ச்சி செய்வார்?’ என்று தாராளமயத்தின் வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். கொழுப்புத் துகள்களின் அடிப்படையைப் பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கல்லிஸ். எம்ஆர்என்ஏ ஆய்வுக்காக 2023இல் நோபல் பரிசு பெற்ற கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்பணியைச் செய்தவர்கள். கரிகோ அங்கே 1995இல் பதவியிறக்கம் செய்யப்பட்டவர். இலாபம் தெரியாத காலத்தில் சந்தை எங்கே போயிருந்தது? மாடர்னாவோ, தன்னோடு சேர்ந்து கொரோனா தடுப்பூசிக்கு உழைத்த அமெரிக்க அரசு விஞ்ஞானிகளின் பெயரையே காப்புரிமை விண்ணப்பத்தில் சேர்க்க மறுத்தது. 2022இல் ஆர்பூட்டஸ் நிறுவனம் மாடர்னாமீது கொழுப்பு உறைக்காக வழக்கிட்டது. மாடர்னா ஃபைசர்மீது வழக்கிட்டது. மருந்தைச் சுமக்கும் வண்டிக்கே இத்தனை பேர் பட்டா கேட்கிறார்கள்.

இங்கேதான் ‘துகள் அளவு’ வருகிறது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனத் திட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட பழைய மருந்து பாக்ளிடாக்செல். அதை ஆல்புமின் புரதத்தோடு நானோதுகளாக்கி, அப்ராக்சேன் என்ற பெயரில் 2005இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கரைப்பானால் நேர்ந்த ஒவ்வாமை குறைந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பழைய மருந்தைப் பொடித்துப் புதிய உறையிலிட்டதற்கெல்லாம் இன்னுமோர் இருபதாண்டு ஏகபோகமா? செயல்திறனில் கணிசமான வேறுபாட்டை நிரூபி, இல்லையேல் அது பழைய பொருளே என்கிறது 3(டி). செயல்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன் என்று 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த கிளிவெக் மருந்துக்குக் காப்புரிமை வழங்குமுன்பே ஆட்சேபணை எழுப்பியவர்களில் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உண்டு. 2012இல் நெக்சாவர் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் பேயர் விற்றதை நாட்கோ 8,800 ரூபாய்க்குத் தர நேர்ந்தது. அதற்குப்பின் ஒரு கட்டாய உரிமம்கூட வழங்கப்படவில்லை.

மோடி அரசு 3(டி)யை நேரடியாகத் தொடவில்லை. சுற்றியுள்ள வேலியைப் பிடுங்குகிறது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள், காப்புரிமைக்கு முந்தைய ஆட்சேபணைக்குக் கட்டணம் விதித்தன. அது விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்று முதலில் அதிகாரி தீர்மானிப்பார் என்றன. காப்புரிமை பெற்றவர் அதை இந்நாட்டில் பயன்படுத்துகிறாரா என்ற அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டியதில்லை, மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்றன. கட்டாய உரிமம் கோருவோருக்கு இருந்த சான்றாதாரத்தையே இது மெலிவிக்கிறது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்ய விரும்பத்தக்க வழி தன்னார்வ உரிமமே என்கிறது. யாருடைய தன்னார்வம்? கம்பெனியுடையது! 2024 ஜூலை பட்ஜெட்டில், நோயெதிர்ப்பின் தடையை அவிழ்க்கும் துர்வலுமாப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளின் சுங்கவரி நீக்கத்தைப் பெருங்கொடையாக அறிவித்தார்கள். வரியை விட்டுக்கொடுத்தது அரசுக் கருவூலம். விலையை நிர்ணயிப்பவரின் கை தொடப்படவே இல்லை.

சட்டத்தைக் காத்தால் மட்டும் மருந்து வந்துவிடாது என்பதும் உண்மை. கசௌலி, குன்னூர், கிண்டி பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்களின் உரிமங்கள் 2008இல் நிறுத்திவைக்கப்பட்டன. செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஆண்டுக்கணக்கில் உற்பத்தியின்றிக் கிடந்தது. கொழுப்புத் துகளில் எம்ஆர்என்ஏவைப் பொதியும் கூடங்கள் பொதுத்துறையில் எழ வேண்டும். மாடர்னா தொழில்நுட்பத்தைப் பகிர மறுத்தபோதும், வெளிவந்த ஆய்வுத் தரவுகளைக் கொண்டே தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிஜென் அத்தடுப்பூசியை மறுஆக்கம் செய்தது. கேப் டவுனில் முடிந்தது குன்னூரில் ஏன் முடியாது என்பதற்கு ஒன்றிய சுகாதார அமைச்சகம் பதில் சொல்லட்டும்.