"ஒண்ணு சொல்லலாமா?"

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. நாரத்தங்காய்க்கு உப்பு அடைக்கும் காரியம். காயைச் சுருள் சுருளாக நறுக்கியது நான். கைப்பேசியை மேடைமேல் நிறுத்தி, அதில் யாரோ ஓர் அம்மாள் சொல்லச் சொல்ல உப்பை அடைத்தது என் மனைவி. அடைத்த கையோடு மொட்டை மாடி வெயிலுக்குக் கிளம்பிவிட்டோம்.

கூடத்து நாற்காலியிலிருந்து பாட்டியின் குரல் வந்தது.

"ஏண்டாப்பா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு, பாட்டி."

"மூணு நாள் ஜாடியிலேயே ஊறட்டும். தினம் ஒரு தரம் குலுக்கி விடுங்கோ. அப்புறம் பகல்லே வெயில். ராத்திரி மறுபடியும் அந்தச் சாற்றிலேயே போடணும்."

நாரத்தங்காய் பிழைத்தது. என் மனத்தில் தைத்தது அந்த 'சொல்லலாமா' தான். அறுபது வருஷம் இந்தக் குடும்பத்துக்கு நாரத்தங்காய் போட்டவள், வாயைத் திறக்க எங்களிடம் அனுமதி கேட்கிறாள்! நாங்கள் யாரும் அவளை அதட்டியதில்லை. வேளைக்கு மருந்து உண்டு, மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி உண்டு. அவளிடம் யோசனை கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டோம். எப்போது நிறுத்தினோம் என்பதுகூட நினைவில்லை.

ஜப்பானில் முதியோரைக் கொண்டாட ஒரு விடுமுறை நாளே இருக்கிறது. 1966-ல் அது தேசிய விடுமுறையாயிற்று. 2003 முதல் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமையில் வருகிறது. நூறு வயதை எட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கிறது. 1963-ல் இந்த வழக்கம் தொடங்கியபோது கிண்ணம் பெற்றவர்கள் 153 பேர். பிற்பாடு நூறு வயதுக்காரர்கள் வருஷத்துக்குப் பல்லாயிரம் பேராகப் பெருகவே, செலவு தாங்காமல் 2016-ல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணமாக மாற்றிவிட்டார்கள்!

ஆனால் அந்த நாள் பிறந்த கதையில் கிண்ணமே கிடையாது. 1947-ல், யுத்தம் முடிந்து இரண்டே வருஷத்தில், ஹியோகோ பகுதியில் நோமதானி என்ற சின்னக் கிராமம் தன் முதியவர்களைக் கூட்டி உட்கார வைத்தது. எதற்காக? ஊரை முன்னுக்குக் கொண்டுவர அவர்களிடம் அறிவைக் கடன் வாங்குவதற்காக. பரிசெல்லாம் பின்னால் வந்தது. முதலில் வந்தது கேள்வி.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கூடத்திலும் இப்படி ஒரு நாற்காலி இருக்கலாம். அதில் இருப்பவருக்குப் புதுப் புடவையும் பழமும் வாங்கித் தருவது நல்லதுதான். அதோடு ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்.

நேற்று ராத்திரி நான் கேட்டேன். "பாட்டி, தாத்தாவுக்கு வேலை போன வருஷம் குடும்பத்தை எப்படி ஓட்டினே?"

ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் என்னை இரண்டு தடவை 'அசடு' என்றாள். ஒரு தடவைகூட 'சொல்லலாமா' என்று கேட்கவில்லை.