விடியற்காலையில் இரண்டாம் கியர் விழவில்லையா?

கேள்வி: கேத்தியில் ஒன்றரை ஏக்கரில் கேரட் போடுகிறேன். பழைய பிக்அப் ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு அதில்தான் லோடு போகும். மார்கழி, தை பனியில் விடியற்காலை வண்டியை எடுத்தால் இரண்டாம் கியர் விழவே மாட்டேன் என்கிறது. நாலைந்து கிலோமீட்டர் போனபின் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: உரம், மருந்து கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே இது ஒரு மாறுதல். மலையில் சில வருடம் ஜீப் ஓட்டியவன் என்பதால் எனக்கும் பட்ட அனுபவம் உண்டு.

கியர் பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள். வண்டி சூடானதும் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயிலைத்தான். ஓரிரண்டு லிட்டர் ஆயில் மாற்றும் செலவு எங்கே, பாக்ஸை இறக்கும் செலவு எங்கே?

வெல்லப்பாகு அடுப்பில் இருக்கும்போது தண்ணீர் போல ஓடும், ஆறினால் கரண்டியே நகராது. கியர் ஆயிலும் குளிரில் அப்படித்தான். கியர் மாற்றும்போது பல்சக்கரத்தின் வேகத்தை சமப்படுத்துவது சின்க்ரோ எனப்படும் பித்தளை வளையம். அது உராய்ந்து பிடிக்க வேண்டுமானால் இடையில் இருக்கும் ஆயில் படலம் விலக வேண்டும். கெட்டியான ஆயில் சட்டென்று விலகாது. வேக வித்தியாசம் அதிகம் என்பதால் முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போதுதான் இது நன்றாகத் தெரியும்.

சமவெளியில் இருந்தபோது என் ஜீப்பின் கியர் பாக்ஸ் இரைகிறது என்று ஒரு பட்டறையில் 140 எண் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அடங்கியது, எனக்கும் சந்தோஷம். அதே ஆயிலோடு மலைக்கு மாற்றலாகி வந்தேன். ஜனவரி பனியில் லிவரை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். ஒரே குளிர்காலத்தில் சின்க்ரோ வளையம் தேய்ந்து போனது. குளிரை விட என் கை பலம்தான் அதற்குக் காரணம்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன ஆயில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டப்பாவில் 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90 என்று போட்டிருக்கும். டபிள்யூ இருக்கும் எண் குளிர்கால எண், அது குறையக் குறைய குளிரில் இளக்கமாக இருக்கும். வண்டியின் கையேடு அனுமதித்தால் மலைக்கு 75டபிள்யூ-90 நல்லது. இன்னொன்றையும் பாருங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரம் குறித்திருப்பார்கள். கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதைத்தான் ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 பெரும்பாலும் பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கானது. விலை கூட என்பதால் அது உசத்தி என்று நினைக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய், டீசல் கலந்து ஆயிலை இளக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. காலையில் கியர் சுகமாக விழும், மத்தியானம் லோடோடு ஏறும்போது பேரிங் தேயும். பாக்ஸுக்கு அடியில் தீ மூட்டுவதும் வேண்டாம்.

ஆயில் மாற்றும் வரை ஒரு வழி. கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் கிளட்ச்சை விட்டுவிடுங்கள். அப்போதுதான் உள்ளே சக்கரங்கள் சுற்றி ஆயிலைக் கலக்கும். மிதித்தபடியே உட்கார்ந்திருந்தால் இன்ஜின் மட்டும்தான் சூடாகும். சூடு காட்டும் முள் ஏறியதை வைத்து கியர் பாக்ஸும் சூடாகிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். அது மெதுவாகத்தான் சூடாகும்.

எனக்குக் கவலை தருவது தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கும் சரிவு. மூட்டைகளோடு இறங்கும்போது முதல் கியரை எடுத்துவிட்டு, இரண்டாவது விழாமல் போனால் வண்டி நியூட்ரலில் ஓடும். இன்ஜின் பிடிமானம் இல்லை, பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும். எனவே மேலேயே முதல் கியர் போட்டு, சரிவு முடியும் வரை அதிலேயே வாருங்கள். சமதளம் வந்ததும் மாற்றுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் மண்டி ஓடிவிடாது.

ஆயிலை மாற்றுமுன் கிளட்ச்சையும் சோதியுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போடுங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டினால், ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தமும் வந்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளை சரிசெய்யச் சொல்லுங்கள். ஆயில் வைத்து இயங்கும் கிளட்ச் என்றால் அந்த ஆயிலையும் பாருங்கள்.

பழைய கியர் ஆயிலை வடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பொன்னிறத் துகள் நிறைய மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது. இரும்புச் சில்லுகள் கிடைத்தால் மெக்கானிக் சொன்னபடி பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.