பத்துக்குப் பத்தில் ஒரு குரல்

ஆடி பிறந்தால் தென்காசிப் பக்கம் இரண்டு வரவு: குற்றாலத்தில் சாரல், கடைத்தெருவில் தள்ளுபடி. சாரல் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தள்ளுபடியில் இந்த வாரம் என்னை எரிச்சல்படுத்தியது, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் அடங்கிய ஹோம் தியேட்டர் தொகுப்பு. எந்த வீட்டுக்கு, எவ்வளவு பெரிய அறைக்கு என்று யாரும் கேட்பதில்லை. எல்லா அறைக்கும் ஒரே விலை, ஒரே வாக்குறுதி: வீடு திரையரங்கம் ஆகிவிடுமாம். தெருக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் மீது இந்தப் பத்தியில் தொடர்ந்து வழக்கு வைத்துவருகிறேன். அது தெருவைப் பற்றிய வழக்கு, இது வீட்டுக்கூடத்தைப் பற்றியது. அடிப்படை ஒன்றுதான். ஒலியைப் பெருக்குகிறவர்கள், கேட்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதே இல்லை. குற்றாலத்துப் பேரருவி, பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து இரையும்போதும், கார்க் கதவுகளைத் திறந்து வைத்துப் பாட்டை அலறவிடுகிற கூட்டம் ஒவ்வொரு சீசனிலும் வருகிறது. அவர்களுக்கு அருவியும் கேட்பதில்லை, பாட்டும் கேட்பதில்லை.

அறையிலிருந்து தொடங்குவோம். இன்று நம் ஊர்களில் கட்டப்படும் வீட்டில் ஓர் அறை பத்துக்குப் பத்து, உயரமும் ஏறக்குறையப் பத்தடி. பூசி வண்ணம் அடித்த சுவர், வழுவழுப்பான டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. இத்தகைய பரப்புகள் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் சில பங்கை மட்டுமே உறிஞ்சுகின்றன, மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நம் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். எதிரெதிராகப் பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே 57 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலி சிக்கிக்கொண்டு தானே வளரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம் என்றால் மூன்று திசையிலும் அதே சுருதி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். படத்தில் வெடி வெடித்தாலும் சரி, பாட்டில் தவில் விழுந்தாலும் சரி, அறை கொடுப்பது ஒரே 'தும்'. அந்தச் சுருதி சுவர் ஓரத்தில் உச்சமாகவும் அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். நாமோ சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறோம், சப்-வூஃபரை மூலையில் தள்ளுகிறோம். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சு இதைத் தீர்க்காது, ஏனென்றால் 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, கனமான திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை குரல் எல்லையில் உள்ள எதிரொலியையாவது நன்றாகக் குறைக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கையில் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990களிலேயே ஒரு கணக்குச் சொல்லிவிட்டது. நேர் எதிரே ஒன்று, இடமும் வலமும் 30 பாகையில் இரண்டு, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி 110 பாகையை ஒட்டி இரண்டு. எல்லாம் கேட்பவரிடமிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். வட்டத்தின் மையத்தில் ஓர் ஆள் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. ஓர் அடியைக் கடக்க ஒலிக்கு ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும், ஆனால் அந்த வித்தியாசம் காதுக்குப் போதும். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முதலில் வந்து சேரும் பக்கத்தையே மூளை அதன் பிறப்பிடமாக எடுத்துக்கொள்கிறது. பத்தடி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தால், ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் இரண்டடி, எதிர்ப்பக்கத்தது எட்டடி. இரு பக்கமும் பரவ வேண்டிய ஒலி அவருக்கு அந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்துதான் வரும். திரையரங்கில் பக்கச் சுவர் நெடுக வரிசையாக ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, அவை தள்ளியும் இருக்கின்றன. அதனால்தான் அங்கே ஐநூறு பேருக்கும் ஓரளவு நியாயம் கிடைக்கிறது. வீட்டில் அந்த நியாயம் நடு இருக்கைக்காரர் ஒருவருக்கு மட்டுமே.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்ததிலிருந்து தமிழ்ப் படங்களின் ஒலி வெகுதூரம் வளர்ந்துவிட்டது, ஒலிப்பதிவாளர் இழைத்து இழைத்துச் சேர்த்ததை இரண்டு ஸ்பீக்கரில் சுருக்குவது அவருக்குச் செய்யும் அநீதி என்பது முதலாவது. நியாயமான கவலைதான். ஆனால் தவறான இடத்தில் வைத்த ஐந்தைவிடச் சரியான இடத்தில் வைத்த மூன்று அவருடைய உழைப்பை நன்றாகக் காட்டும். வசனம் நடு ஸ்பீக்கரில் இருப்பதால், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் அது திரையிலிருந்தே வரும். ஆகவே முன்னால் மூன்று, சுவரைவிட்டு ஓரடியாவது தள்ளிய சோபா, மூலையைவிட்டு நகர்த்திய சப்-வூஃபர். சிறிய அறைக்கு இதுவே என் சிபாரிசு. இரண்டாவது மறுப்பு, ஸ்பீக்கர்களை இயக்கும் இப்போதைய ரிசீவர்கள் மைக் வைத்து அறையை அளந்து தாமே சரிசெய்துகொள்கின்றன என்பது. செய்கின்றன. மிகையான சுருதியைக் குறைக்கவும் அவற்றால் முடியும். ஆனால் ஓர் இருக்கையில் ஒலி இல்லாமல் போன பள்ளத்தை நிரப்பினால், பக்கத்து இருக்கையில் அது மேடாகிவிடும். கருவி எத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், கேட்பவரைச் சுற்றிப் பெட்டிகளை நிறுத்தும் ஏற்பாடு ஒருவருக்கான ஏற்பாடுதான்.

அப்படியானால் பலர் கூடிக் கேட்க ஏற்ற சிறிய இடம் எப்படி இருக்கும்? இதற்கு விடை நம் பக்கத்திலேயே இருந்தது. தென்காசிக்காரரான ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் குடியிருந்தபோது, அவர் வீட்டின் 'வட்டத்தொட்டி' முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நண்பர்கள் கூடுவார்கள். டி.கே.சி. பாட்டைச் சொல்வார், திரும்பச் சொல்வார், வேண்டியமட்டும் சொல்லிக் காட்டுவார். பிறகு அவர் குற்றாலத்துக்குக் குடிவந்தபோது அந்தக் கூட்டமும் கூடவே வந்தது. ராஜாஜியும் கல்கியும் அதற்காகவே குற்றாலம் வந்து தங்கியிருக்கிறார்கள். 1954 பிப்ரவரி 16 அன்று அவர் மறையும் வரை குற்றாலம் அருவிக்கு மட்டும் பெயர்போன ஊராக இருக்கவில்லை. ஹோம் தியேட்டரின் அமைப்பு வட்டத்தொட்டியில் தலைகீழாகிறது. நடுவில் குரல், சுற்றிலும் கேட்பவர்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே குரல் வருவதால் எந்தக் காதுக்கும் குழப்பம் இல்லை. இடது ஓரத்துக்காரருக்கும் வலது ஓரத்துக்காரருக்கும் ஒரே பாட்டுத்தான் கேட்டது. சுவரோடு ஒட்டியவருக்கு வேறு, நடுவில் இருப்பவருக்கு வேறு என்ற பேதம் பெரிதாக எழவில்லை.

இந்தப் பத்தியில் 'இதய ஒலி' மறுபடியும் வருகிறதே என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். டி.கே.சி.யின் அந்தக் கட்டுரைத் தொகுப்பைப் படிக்கச் சொல்லி இன்னும் பல வாரம் எழுத எனக்குச் சம்மதமே. எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் நடை அது. பாட்டை நேரே எடுத்து வைக்க மாட்டார். முதலில் சூழலைச் சொல்வார், பேசுகிற ஆள் யார், என்ன மனநிலை என்று காட்டுவார், காது தயாரான பிறகுதான் பாட்டு வரும். கவிதையின் உணர்ச்சியை அதன் ஓசையிலிருந்து பிரிக்க முடியாது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வைத்த வாதம். கம்பனைப் பதிப்பித்தபோது அந்த வாதத்தை அவர் கடைசி எல்லை வரை கொண்டுபோனார். தம் காதுக்குக் கம்பன் குரலாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என்று விலக்கினார், சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். பாடபேத ஆராய்ச்சி செய்தவர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள், அதில் அவர்கள் பக்கமே நியாயம். காதைச் சாட்சியாக அழைக்கலாம், நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. ஆனால் பதிப்பில் அவர் எல்லை மீறினார் என்பதற்காக, கேட்க அவர் கற்றுக்கொடுத்த வழியைக் கைவிட வேண்டியதில்லை. கண்ணால் மட்டும் படித்துக் கம்பனைக் கடினம் என்று ஒதுக்கியவர்கள், அவர் சொல்லக் கேட்டு உள்ளே வந்தார்கள். ஏடு ஒப்பிட்டுச் செய்யும் ஆராய்ச்சி வேறு வகையில் அவசியமானது, ஆனால் இப்படி உள்ளே அழைத்துவரும் வேலையை அது செய்யாது.

வட்டத்தொட்டி வக்கீல்களும் அதிகாரிகளும் ஓய்வாகக் கூடிய இடம், அதை எதற்கு இன்று தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வட்டத்துக்குள் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் வட்டத்தைப் பெரிதாக்குவது. அதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒலிப்புத்தகங்கள் வந்துவிட்டன, இன்னும் வரும், பிறகு வாய்விட்டுப் படிப்பானேன் என்ற கேள்வியும் உண்டு. பார்வையற்றவர்களுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் ஒலிப்புத்தகம் பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவான குரலுக்கு எதிரே இருக்கும் முகம் தெரியாது. புரியாத பிள்ளையின் நெற்றி சுருங்குவதைப் பார்த்து அது அதே அடியை இன்னொரு முறை நிறுத்திச் சொல்லாது. இன்னொரு முறை சொல்வதில்தான் டி.கே.சி.யின் கலையே இருந்தது.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. அலுவலகங்கள் வந்தன, பெயர்ப்பலகைகள் வந்தன. அந்த வட்டத்தைப் பெரிதாக்க, இந்த மாவட்டத்து நூலகங்களிலும் பள்ளிகளிலும் வாரம் ஒரு மணி நேரம், மைக் இல்லாமல், இருபது பேர் ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்க ஓர் அறை வேண்டும் என்பது என் கோரிக்கை. எதிலிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரத்துக்காரர். பாடவும் ஆடவும் செய்த நூல் அது. நம் பிள்ளைகள் அதைத் தேர்வுக்கான நாலு வரியாக மட்டும் பார்க்கிறார்கள். அதை ராகத்தோடு சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் குரல் திடமாக இருக்கும்போதே, இந்த ஆடியிலேயே, தொடங்கிவிட வேண்டும்.