கலப்புன்னா கெட்ட வார்த்தையா?

எங்க பக்கத்துல "கலப்பு"ங்கற வார்த்தையை ரெண்டு இடத்துலதான் முகம் சுளிச்சுச் சொல்லுவாங்க. ஒண்ணு விதைக்கடை, இன்னொண்ணு கல்யாணப் பேச்சு. இப்ப ரெண்டையும் ஒரே முடிச்சாப் போட ஆரம்பிச்சிருக்காங்க. "நாட்டு விதையைச் சுத்தமா வச்சிருக்கிற மாதிரிதான்யா சாதியையும் வச்சிருக்கணும்"னு டீக்கடையில ஒரு பெரியவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினாங்க. சாதிக்காக விதையைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அது பிறழ்சாட்சி ஆயிடும்ங்கறது என் கருத்து.

கம்பையே எடுத்துக்குங்க. கதிர் வெளிய வந்ததும் முதல்ல தலைகாட்டுறது சூல்முடி. அதே கதிர்ல மகரந்தப்பை வெளிய வர இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள பக்கத்துச் செடி மகரந்தம் காத்துல வந்து சேர்ந்துடும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாம இருக்கச் செடியே பண்ணிக்கிட்ட ஏற்பாடு இது. பனையில ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. நெல் மட்டும் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளயே முடிச்சுக்கும். மாப்பிள்ளைச் சம்பா மாறாம இருக்கிறது அதனாலதான்.

அயல் மகரந்தம் தேடுற பயிரைத் தலைமுறை தலைமுறையா தன் மகரந்தத்துலயே விட்டா செடி குட்டையாகும், மணி குறையும். இதை 11 வருஷம் வளர்த்துப் பார்த்து 1876ல புத்தகமாப் போட்டவர் சார்லஸ் டார்வின். அவர் கட்டினது சொந்தத் தாய்மாமன் மகளை! பிள்ளைகள் நோய்வாய்ப்பட்டப்போ இதுதான் காரணமோன்னு மனுஷன் கவலைப்பட்டிருக்கார். (நம்ம ஊர்ல அந்தக் கவலை இன்னும் வரல.)

சாமிக்குப் படைக்கிற பூவன் பழமே கலப்புதான். பூவன், மொந்தன் எல்லாம் ரெண்டு காட்டு வாழை இனங்கள் சேர்ந்து வந்தவை. கோயம்புத்தூர்ல 1912ல தொடங்கின கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல, வெள்ளைங்கற தடிச்ச கரும்பை, யாரும் சீந்தாத பேய்க்கரும்போட சேர்த்தாங்க. 1918ல வந்த கோ 205 அப்படிப் பிறந்தது. இனிப்பும் இருந்துச்சு, வறட்சியும் குளிரும் தாங்குச்சு. பஞ்சாப் வரைக்கும் போச்சு.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. மிளகு மாதிரி காரம், ஆனா காய்னு பேர் வச்சு நம்மாளுங்க குழம்புல சேர்த்துக்கிட்டாங்க. கடலையை எங்க பக்கம் இன்னும் மணிலான்னுதான் சொல்றோம். அதுகிட்ட யாரும் கோத்திரம் கேக்கல.

நாட்டு விதையைக் காப்பாத்தணும், அதுல மாற்றுக் கருத்தில்ல. ரெண்டு ரகக் கத்தரியை நானும் தள்ளித் தள்ளித்தான் வைக்கிறேன். ஆனா அது எனக்குப் பிடிச்ச ருசி மாறக்கூடாதுன்னு நான் போடுற வேலி. கத்தரிக்கு அப்படி ஒரு கவலையும் கிடையாது. அந்த வேலியைப் பிடுங்கிட்டுப் போய், ஆசைப்பட்டுக் கட்டிக்கிற ரெண்டு பிள்ளைங்க நடுவுல நட்டு, அருவாளோட நிக்கிறவங்க தயவுசெஞ்சு விவசாயத்து மேல பழி போடாதீங்க.

கம்பு விதையை நான் ஒரே கதிர்ல எடுக்கிறதில்ல. கொல்லை நடுவுல நல்லா விளைஞ்ச கதிரா நிறைய அறுத்து, ஒண்ணாக் கலந்து, சாம்பல் போட்டுப் பானையில வைப்பேன். நாட்டுக் கம்பு விதை வேணுங்கறவங்க ஆடிக்கு முன்னாடி சொல்லி வைங்க.